புத்தகக் கடைக்காரியைத் தேடி

2005-இல் என்னிடம் ஒரு வீடியோ கோப்பு இருந்தது. பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் சொல்லிவைத்து, ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டு, சிடியில் எழுதி வாங்கியது. அந்த வருட இ3 என்கிற வீடியோ கேம் கண்காட்சியில் பெதஸ்டா என்ற கேம் நிறுவனம் காட்டிய டெமோ. விளையாட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் டாட் ஹோவர்ட் பேசிக்கொண்டே விளையாடிக் காட்டுவார். விளையாட்டின் பெயர் ஒப்லிவியன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நான்காவது.

அதில் ஒரு புத்தகக் கடைக்காரி வருவாள். கொஞ்ச நேரம் படிப்பாள். வில்லை எடுத்துப் பலகையில் அம்பு விட்டுப் பழகுவாள், அம்பு எங்கெங்கோ போகும். பக்கத்தில் அவள் வளர்க்கும் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அதன்மேல் ஒரு மந்திரத்தை விடுவாள். நாய் கப்சிப். இந்த உலகத்தில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் இப்படி ஆளுக்கொரு பிழைப்பு உண்டு, பசித்தால் சாப்பாடு தேடுவார்கள், இருட்டினால் தூங்குவார்கள், அவரவர் காரியத்தை அவரவரே முடிவு செய்வார்கள் என்றார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ரேடியன்ட் ஏஐ என்று பெயர்.

அந்தச் சிடியை எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. டிராகன் வேண்டாம், வாள் வேண்டாம், எனக்கு அந்தப் புத்தகக் கடைக்காரி போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

அதற்குக் காரணம், 2002-இல் வந்த மாரோவிண்ட். இதே வரிசையில் மூன்றாவது. நான் அதை இரண்டு வருடம் தாமதமாகத்தான் பிடித்தேன், பிடித்தபின் விடவில்லை. எரிமலைச் சாம்பல் பறக்கும் ஒரு தீவு. மரத்துக்குப் பதில் வீடு உயரக் காளான். ஊர் விட்டு ஊர் போக, பேருந்து மாதிரி, ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறிப் போகவேண்டும். எங்கே போகவேண்டும் என்று அம்புக்குறி எதுவும் காட்டாது. வழி கேட்டால் வாயால் சொல்வார்கள்: பாலத்தைத் தாண்டு, இடது பக்கம் திரும்பு, பாறையைப் பார்த்தால் நில். முதல் வேலைகளில் ஒன்றாக ஒரு பழைய இடிபாட்டுக்குள் போய் ஒரு சின்னப் புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார்கள். உள்ளங்கை அளவுப் பொருள், ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத் தேடினேன்.

ஆனால் மாரோவிண்டில் ஒரு குறை. மனிதர்கள் நகரமாட்டார்கள். கடைக்காரர் பகலிலும் கல்லாவில், நள்ளிரவிலும் கல்லாவில். துணிக்கடை பொம்மை மாதிரி. அத்தனை அழகான ஊர்கள், உள்ளே உயிர் மட்டும் இல்லை. அதனால்தான் "அடுத்ததில் மனிதர்கள் நடமாடுவார்கள்" என்று சொன்னதும் அப்படி விழுந்தேன்.

ஒப்லிவியன், 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்கிற கேம் பெட்டி கூடவே வரும் என்றார்கள். தள்ளிப்போய் 2006 மார்ச் 20 ஆனது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் இரண்டு மாதம். செட்டில் ஒருவனுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து டிவிடி வாங்கிவந்திருந்தார். போட்டேன். ஓடவில்லை.

ஒரு வருடம் முன்புதான் ஊரில் ஒரு கடையில் கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தேன். "எல்லா கேமும் ஓடும் தம்பி, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். ஒப்லிவியனுக்கு பிக்சல் ஷேடர் 2.0 என்கிற, காட்சிக்கு மெருகேற்றும் நுட்பம் வேண்டும், என் கார்டில் அது கிடையாது. அழாத குறை. பிறகு என்னைப் போன்ற ஏழைகளுக்காகவே யாரோ புண்ணியவான்கள் ஓல்டுபிளிவியன் என்று ஒன்று செய்து இணையத்தில் போட்டிருப்பது தெரிந்தது. பழைய கார்டுகளிலும் ஓடும்படி ஷேடர்களை மாற்றி எழுதியிருந்தார்கள். ஓடியது. புல் இல்லை. தண்ணீர் தார்ப்பாய் விரித்த மாதிரி இருந்தது. தூரத்து மலை, கோலப்பொடியில் வரைந்த மலை. ஓடியது, அது போதும்.

முதல் அரை மணி நேரம் சிறையும் சுரங்கமும். நம் கதாபாத்திரம் கிடக்கும் சிறை அறைக்குள்ளேதான் ரகசிய வழி இருக்கிறது, அது வழியாகச் சக்கரவர்த்தி தப்பித்து வருகிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் பிரபல ஆங்கில நடிகர் பாட்ரிக் ஸ்டூவர்ட். அந்தக் குரலில் "உன்னைக் கனவில் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே செத்தும்போகிறார். (இவருக்குக் கொடுத்த பணம்தான் மற்றவர்களுக்கு இல்லாமல் போனதோ என்று பின்னால் பலமுறை நினைத்ததுண்டு.) அப்புறம் சாக்கடை. சாக்கடை முடிகிற இடத்தில் ஒரு கம்பிக்கதவு. திறந்தால் வெளிச்சம். எதிரே ஏரி, ஏரிக்கு அக்கரையில் வெள்ளைக் கல்லில் ஓர் இடிபாடு, அதற்குப் பின்னால் மலைகள். எங்கே வேண்டுமானாலும் போ என்று கையை விட்டுவிடுகிறார்கள்.

என் தார்ப்பாய்த் தண்ணீரிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.

பிறகு நான் செய்த முதல் காரியம், சக்கரவர்த்தி ஒப்படைத்த தாயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல், நேரே தலைநகரச் சந்தைக்குப் போனது. புத்தகக் கடை இருந்தது. உள்ளே இருந்தது பெண் அல்ல, ஃபின்டியாஸ் என்று ஓர் ஆள். சரி, இவரிடமும் நாய் இருக்கும் என்று ஒரு நாள் முழுக்கப் பின்னால் திரிந்தேன். காலையில் கடையைத் திறந்தார். நின்றார். இரவு கடையை மூடினார். சாப்பிட்டார். தூங்கினார். மறுநாள் திறந்தார். நாயும் இல்லை, வில்லும் இல்லை, மந்திரமும் இல்லை.

தெருவில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் நின்று பேசுவார்கள், அது உண்மை. ஒருவர் "அன்றைக்கு ஒரு சேற்று நண்டைப் பார்த்தேன்" என்பார். "பயங்கரமான ஜந்துக்கள்" என்பார் இன்னொருவர். "போய்வருகிறேன்" என்று பிரிவார்கள். மூன்று நிமிடம் கழித்து வேறு இரண்டு பேர், அதே நண்டு. காய்கறி நறுக்கிக்கொண்டே பார்த்திருந்த அம்மா கேட்டார்: "ஏன்டா, ஊரு பூரா ஒரே நண்டத்தான் பாத்தாங்களா?"

இன்னொரு நாள் ஒரு பிச்சைக்காரக் கிழவிக்குக் காசு போட்டேன். தொண்டை கட்டிய கிழட்டுக் குரலில் வாழ்த்தினாள். ஊர்ச் செய்தி என்ன என்று கேட்டதும், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் பதில் சொன்னாள். ஆயிரம் பேருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே குரல் கொடுத்திருந்ததால் வந்த வினை. டாண்டில்வே என்று ஒரு பெண், கோவிலில் இருப்பாள், வதந்தி சொல்ல ஆரம்பித்து நடுவிலேயே "இருங்க, அத இன்னொரு தடவ சொல்றேன்" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்வாள். ஒலிப்பதிவின்போது நடிகை சொன்னது, வெட்ட மறந்து அப்படியே உள்ளே போய்விட்டது.

ஒருவரைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் ஒரு வட்டம் வரும். நான்கு துண்டு: புகழ், ஜோக் சொல், பீற்று, மிரட்டு. ஒவ்வொரு சுற்றிலும் நான்கையும் ஒருமுறை செய்தே ஆகவேண்டும். ஒரே மூச்சில் ஒருவரைப் புகழ்ந்து, மிரட்டி, ஜோக் அடித்து, என் பெருமையைப் பேசினால் அவர் எனக்கு நண்பர் ஆகிவிடுவார். அந்த நேரத்தில் அந்த முகம் போகிற போக்கு இருக்கிறதே! உருளைக்கிழங்குக்குக் கண் வைத்து, அந்தக் கண்ணை நொடிக்கு நொடி உருட்டின மாதிரி.

அந்தக் கடைக்காரி எங்கே போனாள் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அதுவும் உருவாக்கியவர்கள் வழியாகவே வெளியே வந்த கதைகளில். சோதனையில் ஒருவனிடம் துடைப்பத்தைக் கொடுத்துப் பாதையைக் கூட்டச் சொன்னார்கள், இன்னொருவனிடம் வாருகோலைக் கொடுத்துச் சருகு வாரச் சொன்னார்கள். பிறகு பொருளை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒருவன் மற்றவனைக் கொன்று தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். இன்னொரு ஊரில் ஸ்கூமா என்கிற போதைச் சரக்கு விற்பவனை வாடிக்கையாளர்களே அடித்துக் கொன்றுவிட்டார்கள். கதை நகர வேண்டுமென்றால் அவனிடம்தான் நாம் போய்ப் பேசவேண்டும். அவன் பிணமாகக் கிடக்கிறான்.

ஆக, மனிதர்களைத் தம் இஷ்டத்துக்கு விட்டால் கதை நடக்காது. கதை நடக்க வேண்டுமென்றால் கையைக் கட்டவேண்டும். கட்டினார்கள். எஞ்சியது நண்டு.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது வேறொன்று.

இந்த உலகம் என்னை அளந்து தன்னை மாற்றிக்கொண்டது. நான் லெவல் 1 என்றால் குகையில் எலியும் ஓநாயும். நான் லெவல் 20 என்றால் அதே குகையில் பெரிய பூதங்கள். மாரோவிண்டில் தவறான கல்லறைக்குள் கால் வைத்தால் ஒரே அடியில் சாவு. அப்புறம் ஒரு மாதம் கழித்துத் தேறித் திரும்பி வந்து, என்னைக் கொன்றவனைத் தேடிப் பிடித்து அடிக்கும்போது ஒரு சுகம் இருக்கும். ஒப்லிவியனில் அந்தக் கடன் தீர்க்கும் சுகமே கிடையாது. நான் ஒரு படி ஏறினால் ஊரில் உள்ள எல்லோரும் ஒரு படி ஏறியிருப்பார்கள். எஸ்கலேட்டரில் எதிர்த்திசையில் ஏறுகிற மாதிரி.

உச்சக்கட்டம் வழிப்பறிக்காரர்கள். சாலையில் ஒருவன் குறுக்கே வந்து நூறு பொற்காசு கொடு, இல்லையென்றால் உயிர் போகும் என்பான். அவன் போட்டிருப்பது கண்ணாடிக் கவசம். பச்சையாக மின்னும், அரசர்கள் கூட லேசில் வாங்க முடியாத கவசம். ஆயிரக்கணக்கான காசுக்கு விற்கும். அதைக் கழற்றி விற்றால் ஆயுளுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாமே ஐயா, நூறு காசுக்கு ஏன் வெயிலில் நிற்கிறீர்?

இதில் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதையும் உண்டு. முக்கியத் திறமைகள் ஏழு தேர்ந்தெடுக்க வேண்டும், அவற்றில் மொத்தம் பத்து படி ஏறிவிட்டுத் தூங்கினால் ஒரு லெவல். விவரம் தெரியாமல் தாவிக் குதிக்கும் திறமையை அந்த ஏழில் ஒன்றாக வைத்துவிட்டேன். நடப்பதற்குப் பதில் குதித்துக் குதித்தே போனேன், வேகமாக இருக்கிறதே என்று. மலையேற்றத்தில் ஒரு குதி, சந்தையில் ஒரு குதி, கோவிலுக்குள் ஒரு குதி. லெவல் சரசரவென்று ஏறியது. வாள் வீச்சு மட்டும் ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. பிறகு க்வாட்ச் என்கிற எரிந்துபோன ஊரின் வாசலுக்குப் போனேன். கதைப்படி அது ஆரம்ப நிலைச் சண்டை. நரக வாசல் திறந்து உள்ளேயிருந்து வந்தது என் குதியலுக்குத் தகுந்த சைஸ் பிசாசுகள். ஒன்றின்மேல் வாளால் இருபது வெட்டு வெட்டினேன். கொசு கடித்த மாதிரி பார்த்தது.

இணையத்தில் மேதாவிகள் வழி சொன்னார்கள்: நீ அதிகம் பயன்படுத்துகிற திறமையை முக்கியத் திறமையாக வைக்காதே. அதாவது வாள் வீரனாக வேண்டுமா, வாளைத் தேர்ந்தெடுக்காதே. எந்தத் திறமை எத்தனை ஏறியது என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொள், அப்போதுதான் தூங்கும்போது வலிமை, வேகம் மாதிரி குணங்களுக்கு ஐந்து புள்ளி முழுசாகக் கிடைக்கும். நானும் போட்டேன், கட்டம் கட்டி. பால் கணக்கு எழுதுகிற மாதிரி. "படிக்கிறான் போல" என்று அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

நரக வாசல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் ஊராகத் திறக்கும், உள்ளே சிவப்பு வானம், ஒரு கோபுரம், உச்சியில் ஒரு கல்லைப் பிடுங்கினால் மூடும். மூன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி. விளையாட்டுக்குள் நம் குதிரைக்குப் போடும் கவசத்தை நிஜப் பணத்துக்கு, இரண்டரை டாலருக்கு, விற்றதும் இதே விளையாட்டுதான், 2006 ஏப்ரலில். அன்றைக்கு உலகமே சிரித்தது. இன்றைக்கு அதைவிட அற்பமான சாமான்களுக்கு ஃபோனில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் திட்டிவிட்டு, இதே விளையாட்டில் இருநூறு மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்டால், ஸ்கின்கிராட் என்று பதில் சொல்வேன்.

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த, கல் கட்டடங்கள் கொண்ட ஊர். அங்கே கிளார்திர் என்று ஒரு குள்ளமான மர எல்ஃப். தெருவில் நம்மைத் தனியாக அழைத்து, நள்ளிரவு கோவிலுக்குப் பின்னால் வா என்பான். போனால், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என்னை வேவு பார்க்கிறார்கள் என்பான். எதிர்வீட்டுப் பெண், பெர்னடெட். அவள் என்னைப் பின்தொடர்கிறாளா என்று ஒரு நாள் கவனித்துச் சொல், காசு தருகிறேன்.

விடியற்காலையிலேயே அவள் வீட்டு வாசலில் நின்றேன். வந்தாள். நடந்தாள். நானும் பின்னாலேயே. திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். கொடிகளுக்கு நடுவே குனிந்து வேலை. மதியமும் வேலை. தொலைவில் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தாள். எனக்குத் திக்கென்றது. பார்த்துவிட்டாளா? ஏன் பார்த்தாள்? கிளார்திர் சொன்னது நிஜமாக இருக்குமோ? சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் யோசித்துப் பாருங்கள். ஃபின்டியாஸ் பின்னால் ஒரு நாள் திரிந்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. பெர்னடெட் செய்ததும் அதே மாதிரிதான்: எழுந்தாள், வேலை பார்த்தாள், வீடு திரும்பினாள். ஒரே இயந்திரம். ஆனால் இங்கே ஓர் எழுத்தாளன் நடுவில் புகுந்து என் காதில் ஒரு சந்தேகத்தை ஊதிவிட்டான். அதற்கப்புறம் அவள் குனிவதும் நிமிர்வதும் எல்லாம் சாட்சியம். ஒருவன் புத்தி பேதலித்துப்போவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் காட்டவில்லை, செய்யவைத்தார்கள். நாள் முழுக்கச் சுவரோரம் ஒளிந்து ஒரு கூலிக்காரப் பெண்ணை வேவு பார்த்தது கிளார்திர் அல்ல, நான்.

இப்படி மூன்று பேர். மூன்று பேரும் பாவம், அவரவர் வேலையைப் பார்க்கிறவர்கள். அதைக் கிளார்திரிடம் சொன்னால், நீயும் அவர்கள் கூட்டாளிதானா என்று நம் மேலேயே திரும்பிவிடுவான். ஆமாம் என்று பொய் சொன்னால் கொல்லச் சொல்வான். ஊர்க் காவலரிடம் போய்ச் சொல்லவும் வழி உண்டு. மூன்றையும் வேறு வேறு சேவ் போட்டுச் செய்து பார்த்தேன். எது சரி என்று இன்றும் தெரியாது.

அதே ஊரில் இன்னொரு வீடு. டார்க் பிரதர்ஹுட் என்கிற கொலைகாரக் கூட்டத்தில் சேர்ந்தால் வரும் வேலை. அந்தக் கூட்டத்தின் கதைத்தொடரை வடிவமைத்தவர் எமில் பக்லியாருலோ. ஒரு மாளிகையில் ஐந்து விருந்தாளிகள், கதவு பூட்டியிருக்கிறது, எங்கோ புதையல் ஒளித்திருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். ஆறாவது விருந்தாளியாக நாம். ஒருவர் பார்க்காத நேரத்தில் ஒருவராக முடிக்கவேண்டும். ஒரு பிணம் விழுந்ததும் மிச்சம் இருப்பவர்கள் நம்மிடமே வந்து, யார் செய்திருப்பார்கள் என்று குசுகுசுப்பார்கள். இங்கேயும் அவர்கள் செய்வது என்ன? சாப்பிட உட்காருவது, மாடிக்குத் தூங்கப் போவது. அதே பழைய நேர அட்டவணைதான். ஆனால் யார் எப்போது தனியாக இருப்பார் என்று காத்திருக்கிற எனக்கு அந்தச் சாப்பாடும் தூக்கமும் உயிர் போகிற விஷயம்.

செய்டின்ஹாலில் ஓர் ஓவியனின் மனைவி, கணவனைக் காணோம் என்பாள். அவர் தன் ஓவியத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருப்பார். நாமும் உள்ளே போகவேண்டும், தூரிகைத் தடம் தெரிகிற காட்டுக்குள், டர்பன்டைன் பூசிய ஆயுதத்தோடு. இதையெல்லாம் 2005-இன் டெமோவில் யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் ஓட்டிவிட்டு மறுபடி நாய்க்குப் போயிருப்பேன்.

2008-இல் சம்பளம் வர ஆரம்பித்ததும் புது கம்ப்யூட்டர். தண்ணீரை முதன்முதலாகத் தண்ணீராகப் பார்த்தேன். லெவல் விவகாரத்தை மாற்றியமைத்த ஆஸ்குரோஸ் ஒப்லிவியன் ஓவர்ஹால் என்ற மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றம், போட்டு ஆடினேன். குகைகள் மறுபடி அதனதன் பயங்கரத்தோடு இருந்தன, செத்தேன், திரும்பிப் போய்ப் பழிவாங்கினேன். நிம்மதி. ஆனால் அந்த மாட் கூட நண்டைத் தொடவில்லை. யாருக்கும் மனசு வந்திருக்காது.

போன வருடம் இல்லை, அதற்கு முன் என்று குழப்பிக்கொள்ளாமல் சரியாகவே சொல்கிறேன்: 2025 ஏப்ரல் 22. முன்னறிவிப்பு ஏதுமில்லாமல், அறிவித்த அன்றே, பழையதைப் புதுப்பித்த ஒப்லிவியன் ரீமாஸ்டர்ட் வெளியானது. விர்ச்சுவோஸ் என்ற நிறுவனம் பெதஸ்டாவோடு சேர்ந்து செய்தது. காட்சிகளுக்கு அன்ரியல் எஞ்சின் 5, அடியில் உயிர் அதே பழைய எஞ்சின். இருபது வருடத்துக்கு முன் காத்திருந்த முறைக்கு இது நேரெதிர். காத்திருக்கவே விடவில்லை. நோட்டில் கணக்குப் போடுகிற அவஸ்தையை எடுத்துவிட்டார்கள். டாண்டில்வே இன்னமும் அந்த வரியை இரண்டு தடவை சொல்கிறாள். அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பையன் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். முதல் நாள் முழுக்க முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நண்டு வந்ததும் அம்மா சமையலறையிலிருந்தே "இன்னுமாடா?" என்றார். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்கின்கிராட், கோவில் பின்புறம், நள்ளிரவு, கிளார்திர் கையைப் பிசைந்துகொண்டு பேசிக்கொண்டிருக்கிறான்.

"மாமா, இந்த ஆளு சொல்றது நிஜமா? அந்தப் பொம்பள இவன வேவு பாக்குறாளா?"

"எனக்கென்னடா தெரியும்? நீயே பின்னால போய்ப் பாரு."

சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தேன். விளையாட்டுக்குள் விடிந்ததும் அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். பையன் சாப்பிடாமல், கன்ட்ரோலரை மெதுவாக அழுத்தி, பத்தடி தள்ளிப் பின்தொடர்ந்தான். தோட்டத்து வாசலில் அவள் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, பாத்துட்டா" என்றான் கிசுகிசுப்பாக.